வெட்டிய மரம் எங்கே போகிறது?

புதுவாயலிலிருந்து கிழக்கே பழவேற்காடு கரைப்பக்கம் போனால் சவுக்குத் தோப்புகள் வரும். வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா நுண்ணுயிர் தழைச்சத்தைச் சேர்ப்பதால், மணற்பாங்கான நிலத்திலும் சவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் உலைகள் கரியமில வாயுவை விடும் வட்டாரத்தில் இந்தத் தோப்புகள் அதை உறிஞ்சுகின்றன. உறிஞ்சியது எத்தனை காலம் மரத்திலேயே தங்கும்?

எவ்வளவு கார்பன்?

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். ஒரு டன் காய்ந்த கட்டையில் சுமார் 1.8 டன் கரியமில வாயுவுக்கு ஈடான கார்பன் அடங்கியிருக்கிறது. விறகாக எரித்தால் அத்தனையும் அன்றே காற்றுக்குத் திரும்பும். நிலக்கரிக்குப் பதிலாக எரிக்கும்போது மட்டும் ஓரளவு பயன் உண்டு. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி வகுத்த கணக்குப்படி, காகிதத்திலுள்ள கார்பனில் பாதி 2 ஆண்டுகளில் வெளியேறிவிடும். மரத்தகடுகளில் அதற்கு 25 ஆண்டும், அறுத்த மரத்தில் 35 ஆண்டும் ஆகும். பராமரித்தால் இன்னும் நீளும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் நூறாண்டு கடந்தும் நிற்கின்றன.

புதைத்தால் என்ன ஆகும்?

மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கும் கறையானுக்கும் காற்று வேண்டும். காற்றுப் புகாத களிமண்ணில் அவை செயல்படாது. கனடாவின் கியூபெக்கில் இரண்டு மீட்டர் ஆழத்தில் கிடைத்த மரக்கட்டை 3,775 ஆண்டுப் பழமையானது. அது இழந்த கார்பன் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆய்வாளர் நிங் ஜெங்கின் குழுவினர் இதை 2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். நமக்கும் சான்று உண்டு: பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தெடுத்த படகுத்துறையின் மரக்கம்பங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை.

எதைப் புதைக்கலாம்?

விலை போகும் சவுக்குக் கழியைப் புதைக்கும்படி விவசாயியிடம் சொல்வது நியாயமாகாது. இயற்கைக் காட்டை இதற்காகத் தொடவே கூடாது. ஆனால் 2016 டிசம்பர் 12-இல் கரை கடந்த வர்தா போன்ற புயல்கள் சாய்க்கும் மரங்களில் பயன்படாத மிச்சம் ஏராளம். அதை எரிக்காமல் களிமண் குழியில் மூடலாம். கரையோர மணல் இதற்கு உதவாது. காற்றும் நீரும் எளிதில் உள்ளே போகும். விளைநிலத்தின் மேல்மண்ணும் கெடக் கூடாது.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்கோடு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கியது. கன்றுகளை எண்ணுவதோடு கணக்கு முடியக் கூடாது. நடும்போதே மரத்தின் அடுத்த வாழ்வையும் திட்டமிட வேண்டும்: பருத்த அடிமரம் கட்டடத்துக்கும் மேசை நாற்காலிக்கும், மெலிந்தது தகட்டு ஆலைக்கு, எதற்கும் ஆகாதது மண்ணுக்குள்.