பிரசவப் பைக்கு எந்த பேட், எந்த ஜட்டி?

குழந்தை பிறக்கும் முன் புதுத் துணி வாங்கக் கூடாது என்று சொல்லும் வீட்டில்கூட, ஒன்பதாம் மாதத்தில் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து மடித்து வைத்திருப்பார்கள். குழந்தைக்கு அத்தனை ஏற்பாடு. பெற்றவளுக்கு என்ன எடுத்துப் போவது என்று கேட்டால் ‘ரெண்டு நைட்டி, ஒரு பாக்கெட் பேட்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒரு பாக்கெட், பிரசவமான அன்று ராத்திரிக்கே போதாது.

பிரசவத்துக்குப் பிறகு வரும் உதிரப்போக்கை மாதவிடாய்க் கணக்கில் வைக்க முடியாது. கருப்பையின் உட்சுவரில் ஒட்டியிருந்த நஞ்சு பிரிந்து வந்த இடம் ஆற வேண்டிய புண். கருப்பை இறுகிச் சுருங்கும்போதுதான் அங்கே திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்கள் நெருக்குண்டு அடைபடுகின்றன. முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பாக, சிறு கட்டிகளோடு வரும். பத்து நாள்வரை இளஞ்சிவப்பும் பழுப்புமாக இருக்கும். அப்புறம் மஞ்சள் கலந்த வெள்ளையாகி, நாலு முதல் ஆறு வாரத்தில் நிற்கும். வெகுநேரம் படுத்திருந்து எழுந்தால் குபுக்கென்று கொட்டும். தேங்கி நின்றது இறங்குகிறது, அவ்வளவுதான். குழந்தை பால் குடிக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பதும் உதிரம் சற்றுக் கூடுவதும் இயல்பு. பாலை இறக்கும் ஆக்ஸிடோசின் ஹார்மோனே கருப்பையையும் சுருக்குகிறது.

சிசேரியன் என்றால் உள்ளே எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிடுவார்கள், பேட் அவ்வளவாக வேண்டாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. அளவு கொஞ்சம் குறையலாமே தவிர, நஞ்சு பிரிந்த புண் அவர்களுக்கும் உண்டு, வாரக்கணக்கில் உதிரமும் உண்டு.

கடையில் பேட் வாங்கும்போது ‘எது அதிகம் உறிஞ்சும்?’ என்றுதான் எல்லாரும் பார்க்கிறோம். பிரசவமான முதல் நாளில் அந்தக் கேள்வி பாதிதான் சரி. அன்றைக்கு பேட் என்பது உறிஞ்சுவதற்கு மட்டுமல்ல, எவ்வளவு ரத்தம் போகிறது என்று பார்ப்பதற்கும்தான். முதல் ஓரிரு மணி நேரம் நர்ஸ் அடிக்கடி வந்து வயிற்றை அழுத்திக் கருப்பை இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார், பேட்டையும் விலக்கிப் பார்ப்பார். அளவுக்கு மீறிப் போகும் ரத்தம்தான் பிரசவ மரணங்களுக்கு முக்கியமான காரணம். அதைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுகிறோம். இதற்காகவே அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைக் கர்நாடகத்தின் பெலகாவியில் மருத்துவர்கள் உருவாக்கினார்கள். 2023இல் வெளிவந்த ‘இ-மோட்டிவ்’ என்ற பெரிய ஆய்வில், அப்படிப்பட்ட விரிப்பால் ரத்தத்தை அளந்து உடனே சிகிச்சையையும் தொடங்கிய ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. வார்டுக்கு வந்த பிறகு விரிப்பு இல்லை, பேட்தான் இருக்கிறது. ஆகவே அது வெள்ளையாக இருக்கட்டும், திறந்து பார்க்க எளிதாகவும் இருக்கட்டும்.

இந்தக் கண்ணோட்டத்தில் பெரியவர்களுக்கான டயபரைப் பார்த்தால், அதன் நிறையும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஜெல் நிறையக் குடிக்கும், கசியவிடாது. அதனாலேயே எவ்வளவு போனது என்று தெரியாது. முதல் ராத்திரி எழுந்து பாத்ரூம் போக முடியாதவர்களுக்கு அது பெரிய உதவிதான். வாங்குவதானால் இடுப்பில் ஒட்டித் திறக்கும் வகையை வாங்குங்கள். சிசேரியனுக்குப் பிறகு பல மணி நேரம் யூரின் டியூப் இருக்கும். காலை நுழைத்துப் போடும் பேன்ட் மாதிரியை அப்போது போடுவதும் கஷ்டம், நர்ஸ் பார்ப்பதும் கஷ்டம். அது டியூப் எடுத்த பிறகு, வீட்டுக்குப் போகும் பயணத்துக்கு, இரவுத் தூக்கத்துக்கு நன்றாக உதவும். கழற்றும்போது கால் வழியாக இழுக்க வேண்டாம், பக்கத் தையலைக் கிழித்தாலே வந்துவிடும். இரண்டு மூன்று போதும். நாள் முழுக்க டயபரிலேயே இருந்தால் ஈரமும் புழுக்கமும் தையலுக்கு ஆகாது.

மற்றபடி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மெட்டர்னிட்டி பேட்தான் முதல் தேர்வு. தடிமனாக, நீளமாக இருக்கும். கிடைக்காவிட்டால் 30 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள இரவு நேர நாப்கினே போதும். மெட்டர்னிட்டி என்று அச்சடித்திருப்பதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது மேற்பரப்பை. சுகப்பிரசவத்தில் கீழே தையல் போட்டிருந்தால், ‘டிரை’ என்று விற்கும் பிளாஸ்டிக் வலைப் பரப்பு தையல் நூலில் உரசி எரிச்சல் கொடுக்கும். பஞ்சு போன்ற மெத்தென்ற பரப்பே நல்லது. வாசனை சேர்த்தது எதுவுமே வேண்டாம், அது எரிச்சலைக் கூட்டும், கெட்ட வாடை வந்தாலும் மறைத்துவிடும். இரண்டு முனையிலும் வளையம் வைத்து பெல்ட்டில் மாட்டும் பழைய மாதிரி பேட் இன்னும் சில இடங்களில் கிடைக்கிறது. ஜட்டி போட முடியாத முதல் சில மணி நேரத்துக்கு அது கெட்டிக்காரத்தனமான சாமான். டாம்பூனும் மென்ஸ்ட்ருவல் கப்பும் குறைந்தது ஆறு வாரத்துக்குக் கூடாது. கிருமி உள்ளே போக வழி வைப்பது போல ஆகிவிடும்.

இனி ஜட்டி. அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பிரசவத்துக்கு முன் போட்ட அளவையே எடுத்துப் போகிறார்கள். பிள்ளை வெளியே வந்தாலும் வயிறு அன்றே இறங்குவதில்லை. கருப்பை பழைய அளவுக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். பழைய அளவைவிட ஒன்றிரண்டு சைஸ் பெரிதாக, 90 போட்டவர் 100 என்ற கணக்கில் எடுங்கள். சிசேரியன் வெட்டு பெரும்பாலும் அடிவயிற்றில் குறுக்காக, முடி வளரும் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும். இடுப்புக்குக் கீழே நிற்கும் ஜட்டியின் எலாஸ்டிக் சரியாக அந்த இடத்தில்தான் உட்காரும். ஆகவே தொப்புளுக்கு மேல் ஏறி நிற்கும் உயர்ந்த இடுப்பு மாதிரியே வேண்டும். உள்பாவாடை நாடாவையும் அதே காரணத்துக்காகக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். சுகப்பிரசவமா சிசேரியனா என்பது கடைசி நிமிடத்தில் மாறக்கூடியது என்பதால், உயர்ந்த இடுப்பு மாதிரியை எல்லாருமே வாங்கிவிடலாம். அது யாருக்கும் தொந்தரவு செய்யாது. துணி பருத்தி. கவட்டுப் பகுதி அகலமாக இல்லாவிட்டால் பெரிய பேட் சுருண்டு பக்கவாட்டில் கசியும். நிறம் கருநீலமோ கறுப்போ இருக்கட்டும், கறையை நினைத்து மனம் சங்கடப்பட வேண்டாம். வயிற்றை உள்ளே இழுக்கும் இறுக்கமான உள்ளாடையை யார் பரிசளித்தாலும் பையில் வைக்காதீர்கள்.

வார்டில் ஜட்டி துவைக்க நேரம் கிடையாது, காயப்போட இடமும் கிடையாது. இருபது பேருக்கு இரண்டு பாத்ரூம் உள்ள இடத்தில் ஈர ஜட்டியை நைட்டிக்கு அடியில் ஒளித்துக் காயவைப்பதைவிட, ஒருமுறை போட்டு எறியும் ஜட்டி ஐந்தாறு வாங்குவது மேல். வலைத்துணியில் வருவது காற்றோட்டமாக இருக்கும். அது கட்டுப்படியாகாவிட்டால், தூக்கிப் போட்டாலும் வருத்தமில்லாத விலைக்குச் சாதா பருத்தி ஜட்டி ஆறு போதும்.

எண்ணிக்கைக்கு வருவோம். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு பேட் மாற்ற நேரிடும். நிறையாவிட்டாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஒன்றை வைத்திருக்க வேண்டாம். சுகப்பிரசவத்துக்கு 20, சிசேரியனில் நாலைந்து நாள் தங்க வேண்டும் என்பதால் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ‘புது யுகம்’ திட்டத்தில், அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மாருக்கும் நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள், ஆனால் முதல் ராத்திரிக்கானதைக் கையோடு கொண்டு போங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் திணிப்பதும் சரியில்லை. பிரசவ அறைக் கதவு திறந்து ஆயாம்மா, ‘குழந்தைத் துணி, பேட் எல்லாம் குடுங்க’ என்று கேட்கும் நேரத்தில் வெளியே நிற்கும் கணவருக்கோ மாமியாருக்கோ எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. இரண்டு பேட், ஒரு ஜட்டி, குழந்தைக்கு இரண்டு துணி, தாய்க்கு ஒரு நைட்டி இவற்றைத் தனிக் கவரில் போட்டுப் பையின் மேலே வையுங்கள். விரிப்பாக இரண்டு மூன்று அண்டர்பேட் இருந்தால் கட்டிலுக்கும் உதவும், வீட்டுக்குப் போகும் காரின் சீட்டுக்கும் உதவும். கழற்றிய பேட்டை மருத்துவமனையில் மஞ்சள் தொட்டியில்தான் போட வேண்டும், டாய்லெட்டில் அல்ல.

பையில் ஒரு பிளாஸ்டிக் மக்கும் இருக்கட்டும். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பின்னும் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றி, முன்னிருந்து பின்னாக ஒற்றித் துடைத்து, ஈரம் போன பின் புது பேட் வையுங்கள். பைப்பில் பீச்சும் தண்ணீர் தையலில் வேகமாக அடிக்கும், கொஞ்ச நாள் வேண்டாம். பேட்டைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பழைய பருத்திச் சேலைத் துணிதான் நல்லது என்று அம்மாவோ பாட்டியோ சொன்னால் சண்டை வேண்டாம். உதிரம் குறைந்த பிறகு, வீட்டில், சோப்பில் அலசி நல்ல வெயிலில் காய்ந்த துணி எந்தக் கெடுதலும் செய்யாது. வெயிலே காணாத வார்டில்தான் அது ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகும் பேட்டைப் பார்க்காமல் சுருட்டி எறியாதீர்கள். ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் கட்டி விழுந்தாலோ, பழுப்பாக மாறிய உதிரம் மறுபடி நல்ல சிவப்பாகிக் கொட்டினாலோ, துர்நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, தலை சுற்றிக் கண் இருண்டாலோ, ‘பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் கொட்டினாலோ மயக்கம் வந்தாலோ 108க்கு அழையுங்கள். நனைந்த பேட்டை ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று டாக்டருக்குச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை.