கண் எங்கே சறுக்கும்?

"எண்களைக் கொடுத்தால் ஏஐ செயலியே நொடியில் வரைபடம் போட்டுத் தருகிறது. பிறகு நாங்கள் எதற்குக் காட்சி வடிவமைப்பு படிக்க வேண்டும்?" என்று இதழியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். செயலி படம் போடும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்கும் கண் எண்ணைப் படிப்பதில்லை. நீளம், பரப்பு, கோணம், நிறம் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரு மதிப்பை ஊகிக்கிறது. அந்த ஊகம் எங்கே சரியாக வரும், எங்கே சறுக்கும் என்பதுதான் இந்தப் படிப்பின் உயிர். அசையும் படங்களையும் முப்பரிமாண ஜாலங்களையும் புரட்சி என்று விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பார் சார்ட்டை 1786-இலும் பை சார்ட்டை 1801-இலும் அச்சில் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் வில்லியம் பிளேஃபேர். வரலாறு இவ்வளவு போதும். நமக்கு முக்கியமான ஆண்டு 1984. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் ஆட்களிடம் வரைபடங்களைக் காட்டி, 'பெரியதில் சிறியது எத்தனை சதவீதம்?' என்று கேட்டார்கள். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளில் பிழை மிகக் குறைவு. அடிக்கோடு வேறுபட்டால் பிழை கூடியது. கோணத்தில் இன்னும் கூடியது. 2010-இல் ஜெஃப்ரி ஹீரும் மைக்கேல் போஸ்டாக்கும் இணையம் வழியே இதைத் திரும்பச் செய்தபோதும் அதே வரிசைதான் கிடைத்தது. பரப்பை ஒப்பிடுவதில் கண் மிகவும் தடுமாறியது. இதே போஸ்டாக்தான் பின்னர் டி3 என்ற வரைபட நிரலை உருவாக்கி, நியூயார்க் டைம்ஸின் வரைபடக் குழுவிலும் பணியாற்றினார்.

பரப்பில் கண் ஏன் தோற்கிறது? பரப்பு பெருகும் வேகத்துக்கு நம் உணர்வு பெருகுவதில்லை. உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் இதை ஒரு அடுக்கு விதியாகச் சொன்னார். பரப்புக்கான அடுக்கு ஏறக்குறைய 0.7. அதாவது, பரப்பு 10 மடங்கானால் கண்ணுக்கு 5 மடங்காகத்தான் படும். 10 அங்குல தோசையையும் 14 அங்குல தோசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது கொஞ்சம் பெரிது என்றே தோன்றும். கனம் ஒன்றானால், மாவுக் கணக்கில் அது கிட்டத்தட்ட இரண்டு தோசை. அவற்றையே பேப்பர் ரோஸ்ட்டாகச் சுருட்டினால் கதை மாறிவிடுகிறது. தட்டின் விளிம்பை அடிக்கோடாக வைத்துக் கண் நீளத்தை அளக்கத் தொடங்கிவிடும். தோசை பார் சார்ட் ஆகிவிட்டது. இரண்டின் முனைகளையும் விளிம்போடு ஒட்டி வைத்தால் விரல்கடை வித்தியாசம்கூடப் பளிச்சென்று தெரியும். ஒன்றைச் சற்றே நகர்த்தினால் குழப்பம். வட்ட தோசையையே எட்டாகப் பிய்த்து எந்தத் துண்டு பெரிது என்று கேட்டால் அது பை சார்ட். பிள்ளைகள் ஒருநாளும் ஒத்துப்போக மாட்டார்கள்.

இந்தச் சறுக்கலின் விலை தேர்தல் நேரத்தில் தெரியும். மக்களவைத் தொகுதிகளுக்குக் கட்சி நிறம் பூசிய வரைபடத்தில் லடாக் ஒரு பெரும் வண்ணப் பரப்பாக நிற்கும். அங்கே வாக்காளர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. தெலங்கானாவின் மல்காஜ்கிரியில் 30 லட்சத்துக்கும் மேல். ஆனால் கைபேசித் திரையில் அது ஒரு புள்ளி. இரண்டுக்கும் ஒரே ஒரு எம்.பி.தான். தொகுதிக்கு ஒரு கட்டம் என்று சம அளவில் வரைந்தால் இந்த மயக்கம் தீரும். எந்த ஒப்பீடு வாசகருக்குத் தேவை என்று முடிவெடுப்பது செய்தியாளரின் வேலை. அதைச் சொல்லாமல் விட்டால் செயலி வழக்கமான நில வரைபடத்தையே நீட்டக்கூடும்.

பட்டைகளும் பொய் சொல்லும். 62 சதவீதத்தையும் 64 சதவீதத்தையும் காட்டும் படத்தின் அடிக்கோட்டை 60-இல் வைத்தால் ஒரு பட்டை மற்றதைப் போல் இருமடங்கு உயரம் நிற்கும். எண்கள் சரி, செய்தி தவறு. கோட்டு வரைபடத்துக்கு, அடிக்கோடு பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும் என்ற விதி கட்டாயமில்லை. காய்ச்சல் அட்டவணையைப் பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது. பட்டைக்கோ நீளம்தான் சேதி. அதை வெட்டினால் சேதியே வெட்டுப்படும்.

அந்த மாணவிக்கு என் பதில்: கட்டாயம் படியுங்கள், மென்பொருளைவிடக் கண்ணைப் பற்றி அதிகம் படியுங்கள். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைபேசியில் பார் சார்ட் வந்தால் பட்டையைப் பார்க்கும் முன் அடிக்கோட்டின் எண்ணைப் பாருங்கள். அது பூஜ்ஜியமாக இல்லாவிட்டாலோ, எண்ணே போடாவிட்டாலோ, அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். வெளியிட்டவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.