மூச்சுச் சீராக்கிகள்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர், கல்லின் துணையால் கடலடிக்கு இறங்கி, அடக்கிய மூச்சு உள்ளவரையே சிப்பி சேர்த்தனர். 1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவர் அமைத்த கருவி இவ்வெல்லையை அகற்றியது. 1956-இல் மைக் வில்சன் என்பார் திருகோணமலைக் கடலில் மூழ்கிப் பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டதும் இத்தகைய கருவியின் துணையால்தான்.

மூழ்குவோர் முதுகில் சுமக்கும் உருளையில் காற்று மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதை அப்படியே சுவாசித்தல் இயலாது. பத்து மீட்டர் ஆழத்தில் உடலை நெருக்கும் அழுத்தம், நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இரு மடங்காகும். அவ்வவ் ஆழத்திற்கு ஏற்ற அழுத்தத்தில், மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றைத் தருவதே 'ரெகுலேட்டர்' என்னும் சீராக்கியின் பணி.

பழைய சீராக்கிகளுள் இரு வகை உண்டு. இரட்டைக் குழாய்ச் சீராக்கி பிடரிக்குப் பின்னே அமைந்தது. ஒரு குழாய் காற்றைக் கொணரும். மற்றொன்று விட்ட மூச்சைப் பின்னே கொண்டுசெல்லும். ஆகவே குமிழிகள் கண்ணை மறைப்பதில்லை. ஆயினும், குப்புற நீந்துகையில் நுரையீரல் சீராக்கியினும் தாழ்ந்திருப்பதால் மூச்சிழுத்தல் கடினமாகும். மல்லாந்தாலோ காற்று தானே பீறிடும். ஒற்றைக் குழாய்ச் சீராக்கியில் அழுத்தம் உருளையருகே ஒருமுறையும் வாயருகே ஒருமுறையும் குறைக்கப்படுகிறது. அதனால் உடல் எப்படித் திரும்பினும் மூச்சில் பெரிய வேறுபாடு தோன்றுவதில்லை.

இவற்றுள் எதைக் கைக்கொள்வது? பழுதுறும்போது கருவி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே முதல் வினா. உருளையருகேயுள்ள அடைப்பு தேய்ந்தால் குழாயில் அழுத்தம் ஏறும். வாயருகேயுள்ள அடைப்பிதழ் காற்றோட்டத்தின் திசையிலேயே திறப்பதாயின், மிகுந்த காற்று வெளியேறிவிடும், மூச்சு தடைப்படாது. எதிர்த்திசையில் திறப்பதாயின், ஏறும் அழுத்தமே அதை மேலும் இறுக மூடும், காற்று நின்றுபோகக்கூடும்.

இரண்டாவது வினா, மாற்று உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றனவா என்பது. பித்தளை உடல் பல பத்தாண்டுகள் நிலைக்கும். ரப்பர்த் தகடுகளோ பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வெடித்துவிடும். உள்ளே பச்சைக் களிம்பு படர்ந்திருப்பின், உப்புநீர் புகுந்தது என்பது புலனாகும். குழாயழுத்தத்தை அளக்கையில் முள் ஓரிடத்தில் நில்லாமல் ஏறிக்கொண்டேயிருந்தால் அடைப்பு தேய்ந்துவிட்டது என்று அறியலாம்.

இவ்விரு வினாக்களுக்கும் தக்க விடை தரும் கருவி, பழையதாயினும், கைதேர்ந்தவரால் பழுதுபார்க்கப்பட்டபின் கடலுக்கு உரியது. விடை தராதது, எத்துணை அழகியதாயினும், காட்சிப் பேழைக்கே உரியது. கடலடியில் உயிரைக் காப்பது கருவியின் பெருமையன்று. அதன் நம்பகத் தன்மையே.