காண்டிகையும் விருத்தியும்: கணினி கற்பார்க்கு நூலெழுதும் முறை

நூற்குற்றங்கள் பத்தினுள் முதலிரண்டாகக் குன்றக்கூறலையும் மிகைபடக் கூறலையும் நன்னூலார் வைத்தனர். இவ்விரண்டிற்கும் நடுவே செல்லும் வழி யாது என்னும் வினா, இன்று மென்பொருளைப் புதிதாகப் பயில்வார்க்கு வழிகாட்டி எழுதுவோர் முன்னும் நிற்கின்றது.

ஓர் உதாரணங் காட்டுவாம். இலங்கைத் தமிழ் அச்சகங்களிற் பாமினி எழுத்துரு நெடுங்காலம் வழங்கியது. அதிற் பழகிய கொட்டாஞ்சேனைத் தட்டச்சாளர் ஒருவர், 'கெ' என எழுதக் கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னும் தட்டுவர். அவர் ஒருங்குறிக்கு மாறித் தமிழ்99 விசைப்பலகையைக் கைக்கொள்ளின், ககரத்தை முன்னும் எகரத்தைப் பின்னும் தட்டல் வேண்டும். பழைய முறையே தட்டின் 'எக' என்றே தோன்றும். இவ்வொரு வரியை வழிகாட்டி சொல்லாதொழியின், பிழைக்குத் தம் அறிவின்மையே காரணமென எண்ணி அவர் கணினியைக் கைவிடவுங் கூடும்.

இனி, 1991 இல் வெளிவந்த ஒருங்குறி முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது என்பதும், அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன என்பதும், ககரத்தின் குறியெண் 2965 என்பதும் மெய்யே. ஆயினும், முதல் நாளில் அவை வேண்டா.

அங்ஙனமாயின் அளவுகோல் யாது? எச்செய்தி இல்லாவிடிற் பயில்வார் கை நின்றுவிடுமோ, அச்செய்தி தொடக்கநூலில் இருத்தல் வேண்டும். இல்லாவிடினும் கை நில்லாது, அறிவு மாத்திரம் மேலும் வினவுமாயின், அது வேறிடத்துக்கு உரியது. காரணங் கூறவேண்டுமிடத்து, அவர் முன்னறிந்ததனோடு பொருத்திக் கூறுக. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் வருதலின் விசையும் அவ்வாறே என்றால், பள்ளியிற் கற்ற இலக்கணமே துணையாகும்.

நம் உரையாசிரியர் இப்பகுப்பை முன்னரே கண்டனர். சூத்திரத்தின் கருத்து, பதப்பொருள், உதாரணம் முதலியவற்றைச் சுருங்கத் தருவது காண்டிகையுரை. அவற்றோடு அவ்விடத்துக்கு வேண்டும் பிறவற்றையும் விரிப்பது விருத்தியுரை. ஆறுமுக நாவலர் (1822–1879) நன்னூல் விருத்தியுரையை 1851 இற் பதிப்பித்தார். அந்நூலுக்குக் காண்டிகையுரையுஞ் செய்தார். ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை. கற்போர் வேறாதலின் உரையும் வேறாயிற்று.

ஆதலின், வெள்ளவத்தையிலே தம் பாட்டனார்க்கோ அயலார்க்கோ கணினிக் குறிப்பு எழுதப் புகும் மாணவர், முதலிற் காண்டிகையை எழுதுக. அதனை அறியாதார் ஒருவர் கையிற் கொடுத்து, அருகிருந்து வாய்திறவாது நோக்குக. அவர் கை நின்ற இடத்தில் ஒரு வரி சேர்க்க; கண் தாவிச் சென்ற இடத்தில் ஒரு வரி நீக்குக. நீக்கியன வீணாகா, அவை விருத்திக்கு ஆகும்.