உழவியந்திரத் திரைக்கருவியின் மென்பொருளைப் புதுப்பித்தல்

செய்மதியின் துணைகொண்டு உழவியந்திரத்தை நேராகச் செலுத்த உதவும் திரைக்கருவிகள் பலவற்றுக்குப் புதிய மென்பொருளைப் பென் டிரைவ் மூலம் ஏற்றலாம். ஏற்றும்போது கருவியின் நினைவகத்திலே பழையது அழிந்து புதியது எழுதப்படும். இடையில் மின்சாரம் தடைப்படின் கருவி இயங்காதுபோகலாம். விதைப்பு நாளும் தவறிவிடும். ஆகவே, பருவம் தொடங்குமுன் இவ்வேலையை முடித்தல் நன்று.

முதலில், வயல் எல்லைப் பதிவுகளை வேறொரு பென் டிரைவில் பிரதிசெய்தல் வேண்டும். கருவியின் மாதிரி எண்ணுக்குரிய கோப்பை மட்டும், உற்பத்தியாளர் குறித்த இடத்தில், வெறுமையான பென் டிரைவில் இடுதல் வேண்டும். பல கருவிகள் ஃபாட் 32 முறையில் அமைந்த பென் டிரைவையே வாசிக்கும்.

மின்கலம் நிறைவாக மின்னேற்றப்பட்டிருத்தல் அவசியம். இயந்திரத்தைக் கிளப்பும்போது மின்னழுத்தம் தாழுமாதலின், வேலை முடிந்ததெனத் திரை அறிவிக்கும்வரை திறப்பைத் திருப்புதலும் பென் டிரைவைக் கழற்றுதலும் ஆகா. பின்னர்ப் பதிப்பெண்ணைச் சரிபார்த்து, வயலில் ஒருமுறை ஓட்டிப்பார்த்தல் வேண்டும்.