எண்கள் பொருந்தும் துப்பாக்கி

'எல்லா நம்பரும் ஒண்ணுதான் சார், ஒரிஜினல் பிரெஞ்சுத் துப்பாக்கி' என்றார் காரைக்காலில் பழைய சாமான் விற்பவர். சுடும் ஊசி பிடுங்கிய, சுவரில் மாட்டத்தான் ஆகும் சங்கதி. ஏதோ ஒரு சொல்தா வீட்டிலிருந்து வந்ததாம். எண்கள் பொருந்தினால் அசல், பொருந்தாவிட்டால் ஒட்டுப்போட்டது என்கிற இந்த எளிய கணக்கு அவருடையது மட்டுமல்ல. பழம்பொருள் சந்தை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ராணுவத் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை இந்தக் கணக்கைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரான்சின் ஷஸ்போ (1866) காகிதத் தோட்டாவைச் சுட்டது. 1874இல் உலோகத் தோட்டாவுக்கான கிராஸ் வந்தது. அரசு பழையதைத் தூக்கியெறியவில்லை. ஷஸ்போவின் குழாயறையைத் திருத்தி, புது போல்ட் போட்டு, '1866-74' என்று முத்திரை குத்தியது. ஆக, 1868 என்று ஆண்டு பொறித்த குழாயோடு அதற்குப் பிந்தைய போல்ட் சேர்ந்திருப்பது மோசடி அல்ல, ஆலையே செய்த கலப்பு. 1880இல் இன்னொரு திருத்தம். அதற்கு 'எம் 80' என்று அடையாளம். 1914இல் லெபல் துப்பாக்கி போதாமற்போக, கிராஸ்களில் சிலவற்றுக்கு 8 மி.மீ. குழாய் மாட்டினார்கள். அதற்கு 'எம் 14'. முன்வரிசைப் படை லெபலுக்குப் போய்விட்ட பிறகும் கிராஸ் காலனிப் படைகளிடமும் பின்வரிசையிலும் நீடித்தது. யாருக்கு எது என்கிற அதிகாரத்தின் படிவரிசை இந்த முத்திரைகளில் படிந்திருக்கிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? குழாய், போல்ட், கட்டை மூன்றிலும் உள்ள எண்களை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு எண்ணை விட்டுவிட்டு, எண் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அராவி மறுபடி குத்தியிருந்தால் அந்த இடம் லேசாகப் பள்ளமாயிருக்கும். விரல் நகத்தை ஓட்டினாலே தெரியும். இலக்கங்களின் வார்ப்பு மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகாது. ஓரங்கள் தேயாமல் கூராக இருக்கும். நூறு வருஷம் கைபட்ட இரும்பில் கூர்மை எங்கிருந்து வரும்? திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றனவா, கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி உண்டா, ஒரு பாகம் தேய்ந்து பக்கத்துப் பாகம் புதுசாயிருக்கிறதா என்பதெல்லாம் அடுத்து.

ராணுவப் பட்டறையில் பாகம் மாற்றியவன் பல நேரங்களில் பழைய எண்ணின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் புது எண்ணைக் குத்தினான். அடித்தது அடித்தபடி, படிக்கும்படி இருக்கும். வியாபாரி அராவி அழிக்கிறான். ஏடுகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்: பாடபேதத்தை அடிக்குறிப்பில் வைத்திருப்பவரை நம்பலாம், ஒரு பிசிறுகூட இல்லாத 'சுத்தப் பாட'த்தைக் கண்டால்தான் உதறல் எடுக்கும்.

காரைக்காலைச் சுற்றிக்கிடந்த பிரிட்டிஷ் தஞ்சாவூரில் கதை இன்னும் அப்பட்டம். 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாயின் கையில், உள்வரி இல்லாத வழவழ குழாய்கொண்ட, தூரக்குறி தப்புகிற 'என்ஃபீல்டு' தரப்பட்டது. வெள்ளைச் சிப்பாய் மார்ட்டினி-ஹென்றிக்குப் போன பிறகுதான் இவனுக்கு ஸ்னைடர். பின்னாளில் ஈஷாப்பூர் ஆலை .303 துப்பாக்கிகளின் குழாயைக் குடைந்து .410 மஸ்கெட் ஆக்கியது. தோட்டாப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டையைச் செருகி, ஒரு முறைக்கு ஒரே தோட்டா என்றாக்கிப் போலீசுக்கும் சிறைக் காவலருக்கும் கொடுத்தார்கள். சேகரிப்பாளர் யாராவது அந்தக் கட்டையைப் பிடுங்கி, எங்கிருந்தோ ஒரு தோட்டாப்பெட்டியைத் தேடி மாட்டி 'முழுமை'யாக்கினால், ஓர் அரசு தன் கீழ்க்காவலனையே நம்பாத வரலாறு அதோடு போயிற்று.

கைபர் பக்கத்து தர்ரா பட்டறைகளின் கைவேலை இதில் வேறு ரகம். முத்திரையில் எழுத்துப் பிழை, திரும்பிக் கிடக்கும் 'என்', 1901இல் செத்துப்போன விக்டோரியாவின் முடிச்சின்னத்துக்குக் கீழே அதற்குப் பிந்தைய ஆண்டு. பார்த்ததும் காட்டிக்கொடுத்துவிடும். பேரரசின் கையெழுத்தைத் தப்புந்தவறுமாகப் போட்ட அந்தக் கொல்லர்கள்மீது எனக்குப் பிரியம்தான் வருகிறது.

விற்பவர் காட்டியதில் '1866-74' தெளிவாக இருந்தது. போல்ட்டில் எண்ணைச் சுற்றி மட்டும் இரும்பு பளபளத்தது. வலப்புறக் கட்டையில் சாய்வெளிச்சம் பட்டபோது, புது எண்ணுக்கு அடியில் பழைய எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மங்கலாகத் தெரிந்தன. எந்தப் படைப்பிரிவு, யார் கை என்று தேடிப்போக இருந்த ஒரே நூல் அது. கேட்டேன்.

'அது கிடந்தா யாரு சார் வாங்குவா?' என்றார்.