பச்சைப் பொட்டலமா, நுண்ணோக்கியா?

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கும் பெண் ஒருவர் வெள்ளைப்படுதல் என்று மருத்துவரிடம் போனால், “மீன் வாடை அடிக்கிறதா?” என்ற கேள்வி வரலாம். கிண்டல் இல்லை. பிறப்புறுப்பில் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து மற்றவை பெருகினால் டிரைமெதிலமைன் உண்டாகிறது. மீன் கெடும்போது நாறுவதும் அதே பொருள்தான்.

இப்படி அறிகுறியைக் கேட்டே மருந்து தருவது ஒரு வழி. இதற்காகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நிறம் பிரித்த பொட்டலங்கள் வைத்திருக்கிறது. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம். பாக்டீரியாவோ பூஞ்சையோ, எதுவானாலும் அடிபடட்டும் என்ற கணக்கு. ரிசல்ட்டுக்காக மறுபடி வரவேண்டாம். ஒருநாள் வியாபாரமும் கெடாது.

சிக்கலும் இங்கேதான். நோயே இல்லாத, இயல்பான வெள்ளைப்படுதலுக்கும் மாத்திரை போய்விடும். கிளமிடியா என்ற பாலியல் தொற்றோ பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டாமல் கருக்குழாயைக் கெடுக்கும். அதைப் பிடிக்க மரபணுப் பரிசோதனை வேண்டும், செலவு அதிகம்.

மற்றவற்றுக்குப் பெரிய லேப் தேவையில்லை. அமிலத்தன்மை காட்டும் தாளில் pH அளவு 4.5-ஐத் தாண்டினால் பாக்டீரியா மீது சந்தேகம். பூஞ்சையில் பெரும்பாலும் தாண்டாது. உப்புநீர்த் துளியில் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி துள்ளி ஓடுவது நுண்ணோக்கியில் தெரியும். உடனே பார்க்கவேண்டும், அசைவு நின்றால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், கர்ப்பம் இருந்தால் மருந்துக் கடையில் மாத்திரை கேட்காதீர்கள். அரசு மருத்துவமனைகளின் சுரக்ஷா கிளினிக்கில் ஆலோசனையும் மருந்தும் இலவசம்.